ஜெலாப்பாங் சாவடி

மலாய் மொழியில் ஜெலாப்பாங் என்றால் நெற்குதிர். ஆனால் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் போய்வந்து பழகிய தலைமுறைக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் நெல் நினைவுக்கு வராது, டோல்தான் வரும். பினாங்குப் பக்கமிருந்து வருகிறவர்கள் மெனோரா சுரங்கத்தைத் தாண்டி, மலைச்சரிவில் இறங்கி, பிரேக்கில் வைத்த காலை எடுக்காமல் ஜெலாப்பாங் சாவடி வரிசையில் வந்து நிற்பார்கள். சீட்டைக் கொடுத்துப் பணத்தைக் கட்டிவிட்டு ஈப்போவைக் கடந்தால், ஈப்போ தெற்கில் மறுபடியும் ஒரு சாவடி, மறுபடியும் ஒரு சீட்டு. சரிவின் அடியிலேயே சாவடி இருந்ததால், பிரேக் பிடிக்காத கனரக வண்டிகள் வரிசையில் நின்றவர்கள்மீது மோதிய விபத்துகளும் உண்டு. 2009-இல் இரண்டு சாவடிகளையும் எடுத்துவிட்டார்கள்.

சாவடியில் நிற்பவன் நெல் விதைத்தவனும் இல்லை, வண்டி ஓட்டுபவனும் இல்லை. ஆனால் இருவரும் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். இன்று ஜெலாப்பாங்கில் வீட்டிலிருந்தே முறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் ஒருவர், தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு கைப்பேசியில் ஐம்பது வெள்ளி கட்டி விளம்பரம் போடுகிறார். அந்த விளம்பரம் பக்கத்துப் புந்தோங்கில் இருப்பவர் கண்ணில் படுமா, எப்போது படும், அதற்கு எவ்வளவு கழியும் என்பதையெல்லாம் இணைய நிறுவனம் என்ற வேறொரு சாவடிக்காரர் தீர்மானிக்கிறார். புந்தோங்கில் கச்சான் பூத்தே விற்றவர்கள் ஒரு காலத்தில் தலையில் தட்டைச் சுமந்து குரல் கொடுத்தே வியாபாரம் செய்தார்கள். குரலுக்கு யாரும் கட்டணம் வாங்கவில்லை.

ஜெலாப்பாங் இருக்கும் பேராக்கின் வரலாற்றைச் சாவடிகளின் வரலாறாகவே எழுதிவிட முடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே ஆறுதான் சாலை. உள்நாட்டில் தோண்டிய ஈயம் படகில் இறங்கி வரும்போது, ஆற்றோரத்தில் ஆங்காங்கே இருந்த மலாய்த் தலைவர்கள் வரி வாங்கினார்கள். அந்த வருமானம்தான் அவர்களுடைய அதிகாரத்துக்கு அடித்தளம். 1874 ஜனவரி 20-ஆம் தேதி கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கை அந்த அடித்தளத்தில் கைவைத்தது. நாட்டின் வரி வசூல் முழுவதும் ஆங்கிலேய ரெசிடெண்டின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்றது அது. முதல் ரெசிடெண்டாக வந்த ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச், எல்லா வசூலையும் ஒரே கஜானாவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். கடனடிமைகள் தப்பிவர இடம் கொடுத்ததிலும் தலைவர்களுக்கு அவர்மேல் ஆத்திரம். 1875 நவம்பர் 2-ஆம் தேதி பாசிர் சாலாக்கில், ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த இடத்திலேயே அவர் குத்திக் கொல்லப்பட்டார். அந்தச் சமயத்தில் கரையில் அவருடைய ஆட்கள் புதிய ஆட்சி பற்றிய அறிவிப்புத் தாளைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒட்டிய தாளைக் கிழித்ததில்தான் அன்றைய கலகம் தொடங்கியது. அந்த அரசியல் கொலை, ஒரு விளம்பரத்தாளும் ஒரு வரிச் சாவடியும் சேர்ந்து விளைவித்தது என்று சொன்னால் மிகை ஆகாது.

பர்ச்சைக் கொன்றதால் சாவடிகள் ஒழியவில்லை, கை மாறின. பிரிட்டிஷ் நிர்வாகம் அபின், சாராயம், சூதாட்டம், அடகுக்கடை ஆகியவற்றின் வருமானத்தைக் குத்தகைக்கு விட்டது. அதிகத் தொகை கேட்டவருக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு அந்தத் தொழிலின் முழு உரிமை. அரசாங்கத்துக்குக் கணக்குப் பார்க்கும் தலைவலி மிச்சம். குத்தகைக்காரருக்குப் போட்டியே இல்லாத சந்தை லாபம். ஏலத்தில் எடுத்த தொகையைச் சுரங்கத்துக் கூலியிடமிருந்துதான் அவர் திரும்ப எடுத்தார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஈயத்தை உருக்குவதிலும் இதே கதை. 1887-இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி தாதுவை வாங்கிச் சிங்கப்பூரில் உருக்கியது. 1903-இல் அமெரிக்கர்கள் நியூ ஜெர்சியில் உருக்காலை கட்டி மலாயாத் தாதுவை நேரடியாக வாங்க முயன்றபோது, கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் அரசு தாது ஏற்றுமதிமீது தாங்க முடியாத வரி விதித்தது. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் உருக்குவதற்குப் போகும் தாதுவுக்கு மட்டும் அந்தச் சுமை இல்லை. பேராக்கின் சுரங்க முதலாளிகளான யூ தோங் சென், சுங் தாய் பின் முதலானோர் 1907-இல் பினாங்கில் ஈஸ்டர்ன் ஸ்மெல்ட்டிங் கம்பெனியை நிறுவித் தங்களுக்கென்று ஒரு வழி திறந்தார்கள். நான்கே ஆண்டுகளில், 1911-இல், அதுவும் பிரிட்டிஷ் முதலீட்டாளர் கைக்குப் போயிற்று. ஆதிக்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய அரசே அதற்குக் காவல் நின்ற காலம் அது.

தமிழர்களுக்கு மிக அருகில் நின்ற சாவடி வேறு. அதற்குக் கங்காணி என்று பெயர்.

தோட்டத்துத் துரைக்குப் பால்மரம் வெட்ட ஆள் வேண்டும். திருச்சிப் பக்கத்திலோ சேலத்துப் பக்கத்திலோ மழை பொய்த்த ஊரில் ஒருவனுக்குப் பிழைப்பு வேண்டும். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. நடுவில் நின்றவர் கங்காணி. துரையிடம் முன்பணமும் உரிமச் சீட்டும் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய், சொந்தக்காரர்களையும் தெரிந்தவர்களையும் திரட்டிக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். கொண்டுவந்த பின்னும் அவர் விலகவில்லை. அதே ஆட்களுக்கு மேற்பார்வையாளர் அவர்தான். பல தோட்டங்களில் மளிகைக் கடையும் அவருடையதுதான். அதில் கடன் வாங்கினால் சம்பளத்தில் கழியும். வேலைக்கு இறங்கிய ஆள் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு இவ்வளவு என்று துரையிடமிருந்து தலைக் காசு தனியாக வரும். தன் கும்பலைக் கூட்டிக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போய்விடுவேன் என்ற ஒரு சொல்லால் துரையையே அசைக்கும் வல்லமையும் பெரிய கங்காணிகளுக்கு இருந்தது. ஆள் பிடிப்பவர், வேலை வாங்குபவர், கடைக்காரர், வட்டிக்குக் கொடுப்பவர் எல்லாமே ஒரே மனிதர். கங்காணிகளில் நல்லவர்களும் இருந்தார்கள். ஊர்க்காரன் என்ற பாசத்தில் பாதுகாத்தவர்களும் உண்டு. ஆனால் கேடு மனிதரில் இருந்ததைவிட அந்த ஏற்பாட்டில்தான் அதிகம் இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் அவர் தரகர். எந்தப் பக்கத்துக்கும் அவரைத் தவிர வேறு வழி இல்லை.

இதை உடைத்தது என்ன? 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்த எல்லா முதலாளிகளும் அதற்குத் தொகை கட்ட வேண்டும்; கப்பல் செலவும் ஆள் திரட்டும் செலவும் அந்தப் பொது நிதியிலிருந்து போகும். வந்து இறங்குபவர் தலையில் பயணக் கடன் இல்லை என்றாயிற்று. கங்காணி ஒழிந்துவிடவில்லை. ஆனால் ஆளைக் கூட்டிவரும் வேலையும் அந்த ஆளைக் கடனில் கட்டிப்போடும் பிடியும் ஒரு பகுதியேனும் பிரிந்தன. 1938 ஜூனில் இந்திய அரசு மலாயாவுக்கு உதவிப் பயணத்தில் தொழிலாளர் போவதைத் தடை செய்ததோடு ஆள் கூட்டும் கங்காணியின் காலம் முடிந்தது.

இணைய விளம்பரச் சந்தையைப் புரிந்துகொள்ள இந்தப் பழைய கணக்கு போதும். கூகுள் 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் விளம்பரச் சேவையைத் தொடங்கியபோது அதற்கு 350 வாடிக்கையாளர்களே இருந்தார்கள். பின்னர் தேடுகிற சொல்லுக்கு ஏலம் என்பதே அதன் சூத்திரம் ஆயிற்று; பேராக் குத்தகைக்காரர்களுக்குப் புரிந்திருக்கும். பிறகு 310 கோடி டாலர் கொடுத்து டபுள்கிளிக் நிறுவனத்தை வாங்கி, 2008-இல் அந்தக் கொள்முதலை முடித்தது. செய்தித்தளங்கள் தங்கள் பக்கத்தில் காலியாக இருக்கும் விளம்பர இடத்தை விற்கப் பயன்படுத்திய கருவி டபுள்கிளிக்கினுடையது. இப்படியாக, இடம் விற்பவரின் கருவி, இடம் வாங்குபவரின் கருவி, இருவரும் சந்திக்கும் ஏலக்கூடம் ஆகிய மூன்றும் ஒரே நிறுவனத்துக்குள் வந்தன. வாழைத்தார் மண்டியில் விவசாயியின் தரகரும் வியாபாரியின் தரகரும் மண்டி முதலாளியும் ஒருவரே என்றால் எப்படி இருக்கும்? பெரிய முதலீட்டு வங்கி ஒன்று பங்குச் சந்தையையே சொந்தமாக வைத்திருப்பதோடு இதை ஒப்பிட்டுக் கூகுள் ஊழியர் ஒருவரே எழுதிய வரி, பின்னால் அமெரிக்க அரசின் வழக்கு மனுவில் இடம்பெற்றது.

அந்த வழக்கு 2023 ஜனவரியில் வர்ஜீனியாவில் தொடுக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 17-ஆம் தேதி நீதிபதி லியோனி பிரிங்கமா தீர்ப்பளித்தார்: இடம் விற்பவருக்கான கருவிச் சந்தையிலும் ஏலக்கூடச் சந்தையிலும் கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகத்தை வளர்த்துக்கொண்டது, இரண்டையும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டது. விளம்பரம் தருபவர்கள் பக்கத்துச் சந்தை பற்றிய குற்றச்சாட்டை மட்டும் அவர் ஏற்கவில்லை. ஏலக்கூடத்தை விற்றுவிட வேண்டும் என்று அமெரிக்க நீதித்துறை கேட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் இதே விவகாரத்தில் 295 கோடி யூரோ அபராதம் விதித்தது.

பத்திரிகைகள் மட்டும் பரிசுத்தம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒஹையோ மாநிலத்தின் லொரெய்ன் ஊரில் ஒரே நாளிதழாக ஆண்ட பத்திரிகை ஒன்று, பக்கத்தில் புதிதாக வந்த வானொலி நிலையத்துக்கு விளம்பரம் கொடுக்கும் கடைக்காரர்களின் விளம்பரத்தைத் தன் பக்கங்களில் போட மறுத்தது. 1951 டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. வானொலிதான் அன்றைய புது ஊடகம். பத்திரிகைதான் அன்றைய சாவடி.

தமிழரின் சண்டை ஒன்றும் இந்த வரலாற்றில் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த முருகவேல் ஜானகிராமன், அமெரிக்காவில் வேலை பார்த்தபோது தமிழர்களுக்காக நடத்திய இணையதளத்திலிருந்து வளர்ந்தது பாரத்மேட்ரிமோனி. நாளிதழ் ஞாயிறு மலர்களில் 'மணமகன் தேவை' வரிகளுக்குப் போய்க்கொண்டிருந்த பணத்தில் பெரும்பகுதி இப்படிப்பட்ட தளங்களுக்கு நகர்ந்தது. அந்தத் தளங்களுக்கு ஆட்களை அனுப்பியது கூகுள் தேடல். 2009-இல் அந்த நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் கூகுள்மீதும் போட்டித் தளங்கள்மீதும் வழக்குப் போட்டது. தன்னுடைய வணிகப் பெயரைத் தேடுபவருக்குப் போட்டியாளரின் விளம்பரம் காட்டப்படுகிறது, அந்தப் பெயரையே ஏலத்தில் விற்கிறார்கள் என்பது புகார். தன் கடைப் பலகையில் இருக்கும் பெயருக்குத் தானே ஏலம் கேட்க வேண்டிய நிலை. 2010 செப்டம்பரில் நீதிபதி வி. இராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை தர மறுத்தார். 'தமிழ்', 'மேட்ரிமோனி' போன்றவை பொதுச் சொற்கள். அவற்றைச் சேர்த்து அமைத்த பெயரை ஒருவர் மட்டும் உரிமை கொண்டாடுவது கடினம்.

நிறுவனம் விடவில்லை. இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போயிற்று. கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் தனியாகப் புகார் கொடுத்திருந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2018 பிப்ரவரி 8-ஆம் தேதி ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அபராதம் எதற்கு என்பதில்தான் வேடிக்கை. விமானப் பயணத் தேடலில் தன் சொந்தப் பக்கத்துக்கு முன்னிடம் கொடுத்தது, சில தளங்களோடு போட்ட தேடல் ஒப்பந்தங்களில் போட்டியாளர்களைத் தடுத்தது போன்றவைதான் குற்றங்களாக நின்றன. சென்னைக்காரர்களின் மூலப் புகாரான ஆட்வேர்ட்ஸ் ஏலத்தில் மீறல் எதுவும் நிறுவப்படவில்லை என்று ஆணையத்தின் பெரும்பான்மை சொல்லிவிட்டது. கல்லெறிந்தவர் வேறு காய்க்குக் குறிவைத்தார். விழுந்தது பக்கத்து மரத்துக் காய். 2022 ஜனவரியில் செய்தி நிறுவனங்களின் டிஜிட்டல் சங்கம் கொடுத்த புகாரின்மேல், விளம்பர வருமானப் பங்கீடு பற்றிய விசாரணைக்கும் அதே ஆணையம் உத்தரவிட்டது.

மலேசியாவுக்குப் போட்டிச் சட்டம் தாமதமாகவே வந்தது. 2010-இல் நிறைவேறிய அந்தச் சட்டம் 2012 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பத்தாவது பிரிவு சந்தையில் ஆதிக்கம் செலுத்துபவர் அந்த நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. அபராதம் உலகளாவிய விற்றுமுதலில் பத்து விழுக்காடுவரை போகலாம். அதை நடத்துவது மலேசியப் போட்டி ஆணையம். 2016-இல் இந்த ஆணையம் மைஇஜி நிறுவனத்துக்கு ஏறத்தாழ 22 லட்சத்து 70 ஆயிரம் வெள்ளி அபராதம் போட்டது. வெளிநாட்டுத் தொழிலாளர் உரிமத்தை இணையத்தில் புதுப்பிக்கும் வாசலை அந்த நிறுவனம் நடத்தியது. அதே வாசலில் காப்புறுதியும் விற்றது. வேறிடத்தில் காப்புறுதி எடுத்தவர்களுக்குப் பாரபட்சம் காட்டியது என்பது குற்றச்சாட்டு. தோட்டத்துக் கங்காணியின் கடை ஞாபகத்துக்கு வந்தால் தவறில்லை.

விளம்பரத்தைத் தொட்ட வழக்கு 2019-இல் வந்தது. அதற்கு முந்திய ஆண்டு மார்ச்சில் ஊபர் தன் தென்கிழக்காசியத் தொழிலைக் கிராப்பிடம் கொடுத்துவிட்டு வெளியேறியிருந்தது. சிங்கப்பூர் ஆணையம் அந்த இணைப்புக்காக இரு நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதித்தது. அன்றைய மலேசியப் போட்டிச் சட்டத்திலோ நிறுவன இணைப்பைத் தடுக்கும் அதிகாரமே இருக்கவில்லை. இணைந்த பிறகு நடத்தையைக் கவனிக்க முடிந்தது. வாசலை வாங்கும்போது கையைப் பிடிக்க முடியவில்லை. கவனித்த ஆணையம் 2019 அக்டோபர் 3-ஆம் தேதி கிராப்புக்கு 8 கோடியே 67 லட்சம் வெள்ளிக்கு மேல் அபராதம் விதிக்க உத்தேச முடிவு வெளியிட்டது. ஓட்டுநர்கள் போட்டி நிறுவனங்களுக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று ஒப்பந்தத்தில் தடை போட்டிருந்ததுதான் காரணம். கார் ஓட்டுநருடையது, தவணை ஓட்டுநருடையது, பெட்ரோல் ஓட்டுநருடையது. அந்தக் காரில் யாருடைய விளம்பரம் இருக்கலாம் என்று சொல்வது மட்டும் செயலிக்காரர். லொரெய்ன் பத்திரிகை 1951-இல் தோற்ற அதே வாதம், ஏறக்குறைய எழுபது ஆண்டு கழித்து மலேசியச் சாலையில்.

முடிவு லொரெய்னைப் போல் அமையவில்லை. கிராப் நீதிமன்றம் போயிற்று. 2023-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அந்த உத்தேச முடிவை இரத்துசெய்தது. ஆணையத்துக்கு எதிராகத் தீர்ப்பு வந்ததால், தன் காரில் யாருடைய விளம்பரம் என்ற ஓட்டுநரின் கேள்வி தவறென்று ஆகிவிடாது. எட்டுக் கோடி வெள்ளி அபராதம் என்ற தலைப்பைப் பார்த்த பலருக்கு, அது உயர் நீதிமன்றத்தில் இரத்தான கதை தெரியவே தெரியாது.

இதற்கிடையில் தமிழ்ப் பத்திரிகைக்கு என்ன ஆயிற்று? நரசிம்ம ஐயங்கார் 1924-இல் கோலாலம்பூரில் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019 தொடக்கத்தில் நின்றது. அதன் முடிவுக்கு வாசகர் குறைந்தது, நிர்வாகச் சிக்கல், நட்டம் என்று காரணங்கள் பல. கூகுளை மட்டும் கூண்டில் ஏற்றுவது நேர்மையாகாது. ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் ஜெலாப்பாங், புந்தோங் போன்ற நகரோரங்களுக்கு வந்த பிறகும் தமிழ் நாளிதழ்களைத் தாங்கிப் பிடித்தவற்றில் கண்ணீர் அஞ்சலி, திருமண அழைப்பு, தீபாவளி வாழ்த்து, கோயில் திருவிழா அறிவிப்பு ஆகிய விளம்பரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று இறந்தவர் படம் அரை மணி நேரத்தில் புலனக் குழுக்களில் சுற்றிவிடுகிறது. விளம்பரம் செய்தவருக்கு அது இலாபம்தான். அந்தப் பணத்தில் செய்தி சேகரித்த நிருபருக்குத்தான் சம்பளம் இல்லை. 2023 செப்டம்பரில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம், செய்திக்கு ஈடாக நிறுவனங்கள் பணம் கொடுக்கும் ஆஸ்திரேலிய முறையைப் பற்றிக் கூகுளோடும் மெட்டாவோடும் பேசிக்கொண்டிருப்பதாக அறிவித்தது. போட்டி ஆணையமும் மின்னியல் பொருளாதாரம் பற்றிய தன் சந்தை ஆய்வில் இணைய விளம்பரத்தை ஒரு பிரிவாக எடுத்துக்கொண்டது.

ஆய்வுக்குப் பின் வரும் நடவடிக்கை அபராதத்தோடு நின்றால் அது பேராக் குத்தகைக் கணக்காகத்தான் இருக்கும். அரசுக்கு ஒரு தொகை, சாவடி அதே இடத்தில். 1907-இல் தோட்டங்களில் ஓரளவேனும் பலன் தந்தது, கங்காணி என்ற ஒரே ஆள் கையில் இருந்த வேலைகளைப் பிரித்து வைத்த ஏற்பாடு. ஏலக்கூடத்தை விற்கச் சொல்லி அமெரிக்க அரசு கேட்டதும் அதே தர்க்கம்தான். மலேசிய ஆணையம் எதைக் கேட்கும் என்பதைத்தான் ஈப்போவின் சிறு வியாபாரிகள் கவனிக்க வேண்டும். அந்த ஆணையத்திடம் வியாபாரிகள் நேரடியாகவே புகார் கொடுக்கலாம். அதற்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை.

ஜெலாப்பாங்கில் இப்போது வண்டிகள் நிற்பதில்லை. சரிவில் இறங்குகிறவர்கள் அப்படியே ஈப்போவைக் கடந்து போகிறார்கள். அந்த வழிக்கான கட்டணம், வெளியேறும் சாவடியில் மொத்தமாகச் சேர்த்துக் கழிக்கப்படுகிறது.